1968: விலக்குகள் செல்லாமல் போன ஆண்டு

1965 ஆகஸ்ட் 26 இரவு லாஸ் வேகாஸில் 171 திருமணங்கள் நடந்தன. அவற்றில் 67 திருமணங்களை நடத்திவைத்தவர் ஒரே நீதிபதி. கூட்டம் தாங்காமல் ஒரு கல்யாணத்தை மூன்று நிமிடத்துக்குச் சுருக்கிவிட்டார். காரணம், அதிபர் லிண்டன் ஜான்சன் அன்று கையெழுத்திட்ட ஓர் ஆணை. பிள்ளை இல்லாவிட்டாலும் மனைவி இருந்தால் கட்டாய ராணுவ ஆள்சேர்ப்பில் வரிசையின் கடைசிக்குப் போய்விடலாம் என்று 1963இல் கென்னடி கொடுத்திருந்த சலுகை அந்த நள்ளிரவோடு முடிந்தது. பன்னிரண்டு மணிக்குள் மோதிரம் மாற்றிக்கொண்டவன் தப்பித்தான். அதற்குப் பிறகு மாற்றிக்கொண்டவன் பிரம்மச்சாரிக் கணக்கிலேயே நின்றான். பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்கும் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு, ராணுவம் குறித்துக்கொடுத்த இந்த முகூர்த்தம் மறக்க முடியாத ஒன்று.

வியட்நாமும் 1968 அமெரிக்க அதிபர் தேர்தலும் என்று பேச்சு வந்தால், நம் நினைவுக்கு முதலில் வருபவை படங்கள்தாம். சைகோன் தெருவில் ஒரு கைதியின் தலைக்கு நேராக நீட்டிய கைத்துப்பாக்கி. சிகாகோ வீதியில் இளைஞர்கள்மீது இறங்கும் போலீஸ் தடி. தொலைக்காட்சி போரை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்தது, மக்கள் மனம் மாறியது, அதிபர் வீழ்ந்தார் என்று கதை சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் இந்தத் தேர்தலைப் பற்றிக் கையில் அகப்பட்டதையெல்லாம் படித்துவந்ததில் எனக்கு ஓர் எண்ணம் உறுதிப்பட்டுவிட்டது. அமெரிக்க நடுத்தர வர்க்கம் போரைச் சகித்துக்கொண்டது. போருக்குத் தன் வீட்டுப் பிள்ளையை அனுப்புவதைத்தான் அது சகிக்கவில்லை. இந்த இரண்டுக்கும் உள்ள இடைவெளியில்தான் ஜனநாயகக் கட்சியின் ஜான்சன் விழுந்தார், குடியரசுக் கட்சியின் நிக்சன் நுழைந்தார்.

ஆள்சேர்ப்பு எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் மற்றது புரியும். 1948இல் கொண்டுவந்த சட்டம் அது. போர் இல்லாத காலத்திலும் நடைமுறையில் இருந்தது; எல்விஸ் பிரெஸ்லி 1958இல் முடியை வெட்டிக்கொண்டு ராணுவத்துக்குப் போனது இதே சட்டத்தின்படிதான். பதினெட்டு வயதானதும் பதிவு செய்ய வேண்டும். நாடு முழுவதும் சுமார் 4,000 உள்ளூர் வாரியங்கள். அவற்றில் உட்கார்ந்திருந்தவர்கள் சம்பளம் வாங்காத உள்ளூர்ப் பெரியவர்கள்; பெரும்பாலும் வெள்ளையர்கள், அறுபதை ஒட்டிய வயதினர். யார் போவது, யார் இருப்பது என்று அவர்கள்தாம் முடிவு செய்தார்கள். 1-ஏ என்று முத்திரை விழுந்தால் எந்த நாளும் அழைப்பு வரலாம். 2-எஸ் என்றால் கல்லூரி மாணவன், இப்போதைக்கு விலக்கு. 4-எஃப் என்றால் உடல் தகுதி இல்லை.

தகுதி இல்லை என்பதற்கு மருத்துவரின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் எழுதித்தர ஒரு குடும்ப மருத்துவர் வேண்டும். கல்லூரியில் இருக்கப் பணம் வேண்டும். தேசியக் காவல் படையில் இடம் பிடித்தால் பெரும்பாலும் உள்ளூரிலேயே சீருடை அணிந்து காலத்தைக் கழிக்கலாம். அதற்கு யாரையாவது தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கதவுகள் எல்லாம் எந்த வீட்டுப் பிள்ளைக்குத் திறந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. இது தற்செயலாக அமைந்ததும் இல்லை. ஆள்சேர்ப்புத் துறையை 1941 முதல் ஆண்டுவந்த ஜெனரல் லூயிஸ் ஹெர்ஷியின் அலுவலகம் 1965இல் தயாரித்த ஒரு குறிப்பு இதை வெளிப்படையாகவே பேசியது: அழைப்பு வந்துவிடும் என்ற பயமே இளைஞர்களைப் பொறியியல், அறிவியல், ஆசிரியப் பணி என்று நாட்டுக்குத் தேவையான துறைகளுக்குள் ஓட்டிச்செல்கிறது, எனவே விலக்கும் ஒரு கருவிதான் என்று. அச்சத்தால் வழிநடத்துவதை இவ்வளவு நிதானமான அலுவலக நடையில் எழுதியதை வேறெங்கும் நான் படித்ததில்லை. கல்லூரிக்குள் நுழைய முடியாதவன் என்ன ஆவான் என்று அந்தக் குறிப்பு கவலைப்படவில்லை. 1966இல் பாதுகாப்பு அமைச்சர் மக்னமாரா அதற்கும் வழி செய்தார்: எழுத்துத் தேர்வில் தேறாதவர்களுக்கும் தகுதி வரம்பைத் தளர்த்தி உள்ளே இழுத்துக்கொண்டார். அப்படிச் சேர்ந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல்.

ஜான்சனை நான் முழு வில்லனாக எழுத முடியாது. அவருடைய தொலைபேசி உரையாடல்களின் ஒலிப்பதிவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தூக்கம் வராத இரவுகளில் கேட்பது என் வழக்கம். 1964 மே 27இல் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம் பேசுவதைக் கேட்டால் மனம் என்னவோ செய்யும். தனக்கு உடுப்பு எடுத்துவைத்து, இரவு படிக்க வேண்டிய காகிதங்களைக் கொண்டுவரும் சார்ஜெண்ட் ஒருவரைக் காலையில் பார்த்ததாகச் சொல்கிறார். அந்த ஆளுக்கு ஆறு சின்னப் பிள்ளைகள். எதற்காக இவனை அங்கே அனுப்பப் போகிறேன், வியட்நாமால் எனக்கு என்ன ஆகப்போகிறது என்று தன்னையே கேட்கிறார். சண்டை போடும் அளவுக்கு அது தகுதியானதாகத் தெரியவில்லை, விட்டு வெளியே வரவும் முடியாது என்கிறார். அதே ஆண்டு அக்டோபரில் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில், ஆசியப் பையன்கள் செய்ய வேண்டிய வேலைக்கு அமெரிக்கப் பையன்களை 9,000, 10,000 மைல் தாண்டி அனுப்பப்போவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். நவம்பரில் 61 சதவீத வாக்கு. அமெரிக்க வரலாற்றின் மாபெரும் வெற்றிகளில் ஒன்று.

அடுத்த ஆண்டு ஜூலை 28 நண்பகல் பத்திரிகையாளர் சந்திப்பில், வியட்நாமில் இருக்கும் படை 75,000இலிருந்து 1,25,000 ஆகிறது என்றார். மாதாந்திர ஆள்சேர்ப்பு 17,000இலிருந்து 35,000 ஆக உயரும். சேமப்படையை இப்போது அழைக்கவில்லை. இதே சந்திப்பில் உச்ச நீதிமன்றத்துக்கு ஏப் ஃபோர்டாஸை நியமிப்பதையும் சேர்த்துச் சொன்னார். ஒரு நாட்டைப் போருக்குள் இறக்கும் அறிவிப்பு, மற்ற அறிவிப்புகளில் ஒன்றாகப் போயிற்று.

சேமப்படையை அழைக்காதது சின்ன விஷயமாகத் தோன்றலாம். என் கணக்கில் முழுக் கதையும் அதில்தான் இருக்கிறது. சேமப்படையினர் என்றால் வேலையும் குடும்பமும் உள்ளூர்ச் செல்வாக்கும் உள்ளவர்கள். அவர்களை அழைத்தால் நாடாளுமன்றத்தில் விவாதம் வரும், ஊர் ஊராகக் கேள்வி எழும். ஜான்சனுக்கு அந்த வாரம் அது ஆகாது. முதியோர் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் ஜூலை 30, கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டம் ஆகஸ்ட் 6 என்று வரிசையாகக் காத்திருந்தன. ஆள்சேர்ப்பில் அந்தத் தொல்லை கிடையாது. எண்ணிக்கையைக் கூட்டினால் போதும், வாரியங்கள் கடிதம் அனுப்பிவிடும். கடிதம் போகும் இடத்தில் இருப்பவன் பத்தொன்பது, இருபது வயதுப் பையன். பெரும்பாலான மாநிலங்களில் வாக்களிக்கும் வயது அப்போது 21. வாக்கில்லாதவனை அழைத்துப் போர் நடத்துவதை விடப் பாதுகாப்பான வழி ஓர் அரசியல்வாதிக்கு வேறு எது? 1966இல் மட்டும் 3 லட்சத்து 82 ஆயிரம் பேர் அழைக்கப்பட்டார்கள். 1967 இறுதியில் வியட்நாமில் இருந்த அமெரிக்கப் படை 4 லட்சத்து 85 ஆயிரம்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. குத்துச்சண்டை வீரர் முகமது அலி 1967 ஏப்ரல் 28இல் ஹூஸ்டன் ஆள்சேர்ப்பு மையத்தில் தன் பெயரைக் கூப்பிட்டபோது முன்னே வர மறுத்தார். பட்டம் போயிற்று, ஐந்தாண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது, மேல்முறையீட்டில் நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் அந்தத் தண்டனை ரத்தானது. பதிவு அட்டையைக் கொளுத்தியவர்கள் இருந்தார்கள், கனடாவுக்குப் போனவர்கள் இருந்தார்கள். ஆனாலும் தேர்தல் ஆண்டு பிறந்தபோது, பதவியில் இருக்கும் அதிபரை அவர் கட்சிக்குள்ளேயே எதிர்க்க முன்வந்தவர் மின்னசோட்டா செனட்டர் யூஜின் மெக்கார்த்தி ஒருவர்தான். (கம்யூனிஸ்ட் வேட்டை நடத்திய ஜோசப் மெக்கார்த்தி வேறு. இவர் கவிதை எழுதுபவர், சற்று சோம்பலான பேச்சாளர்.) யாரும் அவரைப் பெரிதாக எண்ணவில்லை.

ஜனவரி 30, 31 தேதிகளில் வியட்நாமில் கம்யூனிஸ்ட் படைகளின் டெட் புத்தாண்டுத் தாக்குதல் வெடித்தது. சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே எதிரிகள் புகுந்தார்கள். வெற்றி கண்ணுக்குத் தெரிகிறது என்று இரண்டு மாதத்துக்கு முன்புதான் தளபதி வெஸ்ட்மோர்லண்ட் நாட்டுக்கு உறுதி சொல்லியிருந்தார். பிப்ரவரி நடுவில் ஒரே வாரத்தில் 543 அமெரிக்கர்கள் இறந்தார்கள். போரில் அதுவரை அதுதான் மிக மோசமான வாரம்.

அதே வாரத்தில், பிப்ரவரி 16 அன்று, வாஷிங்டனிலிருந்து இன்னொரு செய்தி வந்தது. வரலாற்று நூல்கள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. மருத்துவம், பல் மருத்துவம் போன்ற சில துறைகளைத் தவிர, மேற்படிப்பு மாணவர்களுக்கு இனி விலக்கு கிடையாது. அந்த ஜூனில் பட்டம் வாங்கப்போகிறவர்களும், மேற்படிப்பில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தவர்களும் கோடையிலேயே 1-ஏ ஆகிவிடுவார்கள். வயதில் மூத்தவனை முதலில் எடு என்பது அப்போதைய விதி; ஆகவே வரிசையின் முன்னால் நிற்கப்போவது இவர்கள்தாம். ஹார்வர்டு, யேல் விடுதி அறைகளில் அந்த வாரம் என்ன பேசியிருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை தேவையில்லை. முனைவர் பட்டத்துக்குத் திட்டம் போட்டுவைத்திருந்த பையனுக்கு மீகாங் சதுப்பு நிலம் நேற்றுவரை கொள்கைப் பிரச்சினை. இன்று அது அவனுடைய ஆகஸ்ட் மாதம்.

நியூ ஹாம்ப்ஷயர் உட்கட்சித் தேர்தல் மார்ச் 12இல். இடையில் நான்கு வாரம்கூட இல்லை. ஆயிரக்கணக்கான மாணவர்கள் பஸ் பிடித்து அந்தப் பனிக்காட்டுக்குப் போனார்கள். தாடியை மழித்தார்கள், முடியை வெட்டினார்கள், பெண்கள் நீளப் பாவாடைக்கு மாறினார்கள். வெட்ட மறுத்தவர்களை உறைக்கு முகவரி எழுதச் சொல்லிப் பின்னறையில் உட்கார வைத்தார்கள். வீடு வீடாகக் கதவைத் தட்டி, காலணிப் பனியை உதறிவிட்டு, மரியாதையாகப் பேசினார்கள். எல்லோரும் ஆள்சேர்ப்புக்குப் பயந்து வந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களில் பலர் அழைப்பே வராத பெண்கள். ஆனால் 1966இல் வராத கூட்டம் 1968இல் ஏன் வந்தது என்று கேட்டால், டெட் தாக்குதலை மட்டும் பதிலாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஜான்சன் தரப்பு தன் பங்குக்கு ஒரு முட்டாள்தனம் செய்தது. வாக்காளர்களுக்கு வரிசை எண் போட்ட உறுதிமொழி அட்டைகளைக் கொடுத்து, அதிபருக்கே வாக்களிப்பேன் என்று கையெழுத்து வாங்கியது. அதில் ஒரு துண்டு வெள்ளை மாளிகைக்குப் போகும். எண் போட்ட அட்டை என்றால் அந்த ஆண்டில் எதை நினைவுபடுத்தும் என்று யாருக்கும் தோன்றவில்லை போலும். தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, வெஸ்ட்மோர்லண்ட் இன்னும் 2,06,000 பேர் கேட்கிறார் என்று நியூயார்க் டைம்ஸ் செய்தி வெளியிட்டது.

முடிவு: ஜான்சன் சுமார் 49 சதவீதம், மெக்கார்த்தி 42. எண்ணிக்கையில் ஜான்சன்தான் முதல். ஆனால் மாநாட்டுப் பிரதிநிதிகள் 24 பேரில் 20 பேரை மெக்கார்த்தி அள்ளிக்கொண்டார். நான்கு நாளில் ராபர்ட் கென்னடி களத்தில் குதித்தார்.

இங்கே என் வாதத்துக்கே இடைஞ்சலான ஒரு தகவலைச் சொல்லியாக வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிறகு கணக்கெடுத்தபோது, மெக்கார்த்திக்கு வாக்களித்தவர்களில் ஜான்சன் இன்னும் கடுமையாகப் போரிட வேண்டும் என்று எண்ணியவர்கள்தாம் அதிகம். அமைதி விரும்பிகளை விட ஏறக்குறைய மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில். மாணவர்கள் கதவைத் தட்டியது ஒரு காரணத்துக்காக, உள்ளே இருந்தவர் வாக்களித்தது வேறொரு காரணத்துக்காக. ஒன்று முடி, இல்லையென்றால் வெளியே வா என்பதே பொதுக் குரல். நடுவில் இழுத்துக்கொண்டிருப்பதற்கு, பிள்ளையை அனுப்பிய வீட்டிலும் அனுப்ப மறுத்த வீட்டிலும் ஆதரவு இல்லாமல் போயிற்று.

மார்ச் 31 ஞாயிறு காலை ஏழு மணி. ஜான்சனின் மூத்த மகள் லிண்டா, கலிபோர்னியாவில் கணவரை வழியனுப்பிவிட்டு இரவு விமானத்தில் வெள்ளை மாளிகை வந்து சேர்கிறார். கணவர் சார்லஸ் ராப் மரைன் படையில் கேப்டன், வியட்நாமுக்குப் புறப்பட்டுவிட்டார். கல்யாணமாகி நான்கு மாதம் ஆகவில்லை, வயிற்றில் குழந்தை. தங்களைக் காப்பாற்றச் சொல்லிக் கேட்காத மக்களுக்காக என் கணவர் ஏன் போக வேண்டும் என்று தந்தையிடம் கேட்டார். ஜான்சனிடம் பதில் இல்லை. ஆகஸ்ட் 26 ஆணைக்குப் பின் லட்சக்கணக்கான வீடுகளில் கேட்ட கேள்வி, கடைசியில் ஆணையிட்டவரின் படுக்கையறை வாசலுக்கே வந்தது. அன்றிரவு ஒன்பது மணித் தொலைக்காட்சி உரையின் முடிவில், கட்சியின் வேட்பாளராக நிற்க மாட்டேன், தந்தாலும் ஏற்க மாட்டேன் என்று அறிவித்தார். அவர் இதயநோயாளி, விலகும் எண்ணம் மாதக்கணக்கில் மனத்தில் இருந்தது என்பதெல்லாம் உண்மை. மகளின் கேள்வியால்தான் விலகினார் என்று எழுதினால் அது சினிமா. அந்தக் காலையும் அந்த இரவும் ஒரே நாளில் அமைந்தன என்பது மட்டும் வரலாறு.

அதன் பிறகு நடந்தவை எல்லோருக்கும் தெரிந்தவை. ஏப்ரல் 4இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ஜூன் 5இல் ராபர்ட் கென்னடியும் சுடப்பட்டார்கள். துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி ஓர் உட்கட்சித் தேர்தலில்கூட நிற்காமல் சிகாகோ மாநாட்டில் வேட்பாளரானார். வெளியே மிச்சிகன் அவென்யூவில் போலீஸ் தடியடி, உள்ளே போர் குறித்த தீர்மானத்தில் அமைதி அணியின் தோல்வி. ஹம்ஃப்ரி நல்ல மனிதர். கறுப்பின மக்களின் சம உரிமைப் போராட்டத்தில் ஜான்சனுக்கு முன்பே குரல் கொடுத்தவர். நான்காண்டுகள் ஜான்சனுக்குத் தலையாட்டியது அவரைத் தின்றுவிட்டது. செப்டம்பர் 30இல்தான் சால்ட் லேக் சிட்டியில் குண்டுவீச்சை நிறுத்துவேன் என்று சொல்லும் துணிவு வந்தது.

நிக்சனோ, போரை எப்படி முடிப்பேன் என்று கடைசிவரை சொல்லவில்லை. இருவருக்கும் வியட்நாம் விஷயத்தில் பெரிய வித்தியாசம் இருப்பதாக வாக்காளர்களுக்கும் தெரியவில்லை. ஆனால் அக்டோபர் 17 அன்று நிக்சன் ஒரு வானொலி உரை நிகழ்த்தினார். வியட்நாம் முடிந்ததும் கட்டாய ஆள்சேர்ப்பே கிடையாது, சம்பளத்தை உயர்த்தி விருப்பப்பட்டவர்களைக் கொண்டே ராணுவம் அமைப்போம் என்றார். மார்ட்டின் ஆண்டர்சன் என்ற இளம் பொருளாதாரப் பேராசிரியர் 1967இலேயே அவர் கையில் கொடுத்த யோசனை அது. இந்த ஓர் உரையால் அவர் வென்றார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நோய் எங்கே என்று தொட்டுப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். போரைப் பற்றி மௌனம், அழைப்புக் கடிதத்தைப் பற்றி வாக்குறுதி.

மூன்றாவது ஆள் ஜார்ஜ் வாலஸ். அலபாமாவின் இனவெறி முன்னாள் ஆளுநர். பிள்ளைகளை வியட்நாமுக்கு அனுப்பிய ஆலைத் தொழிலாளர் வீடுகளில் வடக்கிலும் அவருக்குக் கைதட்டல் கிடைத்தது. 2-எஸ் வைத்திருப்பவன் கொடியை எரிப்பதைப் பார்த்த தகப்பனின் கோபம் போரின்மீது திரும்பவில்லை; 2-எஸ்ஸின்மீது திரும்பியது. அந்தக் கோபத்தில் ஒரு நியாயம் இருந்தது என்பதை அன்றைய முற்போக்காளர்கள் ஒப்புக்கொள்ளவே இல்லை. வாலஸின் துணை வேட்பாளர் ஜெனரல் கர்டிஸ் லெமே அணுகுண்டைப் பற்றிச் சர்வசாதாரணமாகப் பேசிக் காரியத்தைக் கெடுத்தார். அப்படியும் 13.5 சதவீதம், தேர்வாளர் குழுவில் 46 வாக்குகள்.

கடைசி வாரத்தில் ஜான்சன் குண்டுவீச்சை நிறுத்த, ஹம்ஃப்ரி மளமளவென்று நெருங்கினார். தென் வியட்நாம் அதிபர் தியூ பாரிஸ் பேச்சுவார்த்தைக்கு வர மறுத்து அதைக் குலைத்தார். பின்னால், குடியரசுக் கட்சிக்கு நிதி திரட்டிவந்த அன்னா செனால்ட் மூலமாக நிக்சன் தரப்பின் கை இருந்ததை ஜான்சன் அறிந்திருந்தார்; தேசத்துரோகம் என்று தொலைபேசியில் செனட்டர் டர்க்ஸனிடம் கொதித்தார்; வெளியே சொல்லவில்லை. நவம்பர் 5: நிக்சன் 43.4, ஹம்ஃப்ரி 42.7. வித்தியாசம் ஏறத்தாழ 5 லட்சம் வாக்குகள்.

வாக்குறுதியை நிக்சன் தவணை முறையில் நிறைவேற்றினார். 1969 டிசம்பர் 1 இரவு தொலைக்காட்சி நேரலையில் குலுக்கல். கண்ணாடிச் சாடியில் 366 நீலக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்தநாள். குப்பி வந்த வரிசையிலேயே அழைப்பும் போகும். முதலில் வந்தது செப்டம்பர் 14. குப்பிகளை மாதவாரியாகப் போட்டுச் சரியாகக் கலக்காததால், நவம்பர், டிசம்பரில் பிறந்தவர்களுக்கு அபாயமான எண்கள் அதிகம் விழுந்தன. புள்ளியியல் வகுப்புகளில் இன்றும் இது பாடம். 195க்கு மேல் எண் விழுந்தவனுக்கு அழைப்பே வரவில்லை. ஒரே இரவில் பல லட்சம் இளைஞர்களுக்குப் போர் சொந்தப் பிரச்சினையாக இல்லாமல் போனது. போர் தொடர்ந்தது. கம்போடியாவுக்குள்ளும் போனது. நிக்சன் காலத்தில் மட்டும் 20,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். வியட்நாமியர் எத்தனையோ மடங்கு.

1971இல் 26ஆவது திருத்தம் வாக்களிக்கும் வயதை 18 ஆக்கியது. சுட வயதானவனுக்கு வாக்களிக்கவும் வயதாகிவிட்டது என்ற பழைய வாதம் ஒருவழியாக வென்றது. 1972இல் இளைஞர்கள் திரண்டு வந்து ஜார்ஜ் மெக்கவர்னைத் தூக்கி நிறுத்துவார்கள் என்று ஜனநாயகக் கட்சி கனவு கண்டது. மெக்கவர்ன் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர், போரை உடனே நிறுத்துவேன் என்றவர். அவருக்குக் கிடைத்தது மாசசூசெட்ஸும் தலைநகரும் மட்டுமே. 49 மாநிலங்கள் நிக்சனுக்கு. எனக்கு இதில் வியப்பு எதுவும் இல்லை. ஆள்சேர்ப்பில் வருபவர்களை, தாமாக முன்வந்தால் ஒழிய, இனி வியட்நாமுக்கு அனுப்பப்போவதில்லை என்று நிக்சன் அந்த ஜூன் 28ஆம் தேதியே அறிவித்துவிட்டார்.